பூட்டிய பெட்டியும் புலப்படும் உண்மையும்

ஒருவர் நம்பிச் சொன்ன செய்தியை வாய் திறந்து வெளியிடாதிருந்தால் போதுமா? அவ்வளவில் அம்மறை காக்கப்பட்டதாகுமா? பழமையான இவ்வறவினாவைக் கணினி நிரல்கள் இன்று புதியதொரு கோணத்தில் எழுப்புகின்றன.

நார்வே நாட்டு அறிஞர்களாகிய ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவரும் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியிலிருந்து கிளைத்தது பொருள்நோக்கு நிரலாக்கம். இம்முறையில் ஒரு நிரல், 'பொருள்கள்' எனப்படும் பல உறுப்புகளாக அமைகிறது. ஒரு பொருள் தன் தரவுகளைத் தன்னகத்தே பூட்டி வைக்கலாம். பிற பொருள்கள் கேள்வி அனுப்பி விடை பெறலாமேயன்றி உள்ளே கைவைத்தல் இயலாது. உள்ளமைப்பை மறைத்தலின் பயனை 1972இல் டேவிட் பார்னாஸ் தெளிவாக விளக்கினார். ஆனால், ஓர் உறுப்பில் செய்யும் மாற்றம் மற்றோர் உறுப்பைக் குலைக்காதிருக்க வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். மறை காத்தல் அப்பூட்டின் முதல் வேலையன்று.

பள்ளி உதவித்தொகைக்கான நிரல் ஒன்றைக் கருதுக. 'மாணவர்' என்னும் பொருளுக்குள் குடும்ப வருமானம் பூட்டப்பட்டுள்ளது. "வருமானம் ஆயிரம் வெள்ளிக்குக் குறைவா?" என்று 'உதவித்தொகை' என்னும் பொருள் கேட்கிறது. "ஆம்" என்பதே விடை; தொகை சொல்லப்படவில்லை. உடனே 'அறிவிப்பு' என்னும் பொருள் அம்மாணவரின் பெயரைப் பலகைக்கு அனுப்புகிறது. அவ்வழியே செல்வோர் அனைவரும் அவ்வீட்டின் வறுமையை அறிந்துகொள்கின்றனர். எல்லையைப் பாதி பாதியாகக் குறைத்துக் கேட்டால், ஆயிரம் வெள்ளிக்குட்பட்ட தொகையைப் பத்தே வினாக்களில் வெள்ளிக் கணக்காகவே கண்டறியலாம். பூட்டு உடையவில்லை, செய்தியோ வெளியேறிவிட்டது!

இத்தகைய மறைமுக ஓட்டத்தையும் கணக்கில் கொண்டு ஆராய்ந்தவர் டோரத்தி டென்னிங். ஒவ்வொரு தரவுக்கும் ஒரு படிநிலை குறித்து, உயர்படியிலுள்ள செய்தி தாழ்படிக்கு இறங்காது காக்கும் முறையை அவர் 1976இல் வகுத்தார். நிரலை இயக்குமுன்பே அதனைச் சோதிக்கும் வழி 1977இல் வெளிவந்தது. தரவு நேரே படியெடுக்கப்படும் இடங்களை மட்டும் பார்ப்பது போதாது. அதனைச் சார்ந்து எடுக்கப்படும் முடிவுகள் எங்கெங்குச் சென்று சேர்கின்றன என்பதையும் தொடர்ந்து காண வேண்டும்.

அவ்வாறாயின், எதனையும் வெளிவிடாதிருத்தலே அறமாகுமோ? ஆகாது. வறுமையை எவரும் அறியாவிடில் உதவி சென்று சேர்வது எங்ஙனம்? "ஆம்" என்னும் அவ்விடை தொகை வழங்குவோரை அடைதல் முறை. அறிவிப்புப் பலகையை அடைதல் பிழை. ஒரே விடைதான், அது சேரும் இடமே அதனை உதவியாகவோ இழிவாகவோ ஆக்குகிறது. செய்தி செல்லும் வழிகளைச் சோதனைமுறை காட்டித் தரும். எவ்வழியைத் திறப்பது, எவ்வழியை அடைப்பது என்னும் பொறுப்போ மனிதரையே சாரும். நாவை மட்டுமன்றித் தன் செயல் விட்டுச்செல்லும் தடத்தையும் காப்பவரே மறை காப்பவராவர்.