காலாவதியான தேசப்படம்

முப்பத்தொரு வருடங்கள் புவியியல் படிப்பித்தவன் நான். ஓரங்குல இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்து, சமவுயரக் கோடுகளின் மேல் விரலை வைத்து, “இதில எங்க ஆறு ஓடுது, எங்க குன்று நிக்கிது?” என்று பிள்ளைகளைக் கேட்டே காலம் போனது. ஆகவே கடதாசிப் படமா, டெப்லட் திரையா என்ற வழக்கில் நான் நடுநிலையான சாட்சி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கு என்னுடையதுமல்ல. சிறு விமானங்களைப் பொழுதுபோக்காகவும் சொந்தப் பயணத்துக்காகவும் ஓட்டுகின்ற தனியார் விமானிகளுடையது. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்ததன் பின்னர், அமெரிக்காவில் அவர்களது மடியிலிருந்த மடிப்புப் படங்கள் மெல்ல மெல்ல மறையத் தொடங்கின. கலிபோர்னியாவில் வாழும் எனது தங்கையின் மகனும் அத்தகைய ஒரு விமானிதான். 2022 ஆகஸ்டில் அவனிடம் போயிருந்த வேளையில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சக்ரமென்டோவுக்குத் தெற்கே ஒரு சிறு விமானத்தளம். வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னா 172. அட்வாட்டரிலுள்ள காஸில் விமானத்தளத்துக்குப் போவதாக ஏற்பாடு. 1995 வரை அது வான்படைத் தளமாக இருந்தது. பக்கத்தில் பழைய போர்விமானங்களின் நூதனசாலை ஒன்று உண்டு. முன்னாசனத்தில் நாங்கள் இருவரும், பின்னால் அவனது ஏழு வயது மகளும். 3,500 அடி உயரத்தில், 99ஆம் இலக்க நெடுஞ்சாலையைத் தொடர்ந்து தெற்கே பறந்தோம். அவனுக்கு முன்னால் பொருத்தியிருந்த ஐபேட்டில் நாங்கள் ஒரு சிறு விமானக் குறியாக ஊர்ந்துகொண்டிருந்தோம். உண்மையைச் சொல்வதானால் நானும் வெளியே பார்க்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டொக்டனைத் தாண்டிச் சிறிது நேரத்தில் திரை கறுத்தது. சூடு தணியும் வரை பாவிக்க முடியாது என்ற அறிவித்தல் மட்டும் நின்றது. அந்தக் கருவி 35 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் வேலை செய்வதற்கென ஆக்கப்பட்டது. அன்றைய வெயிலோ அதற்கு மேல், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால்.

“ஒண்டுமில்ல மாமா, சூட்டில நிண்டுட்டு. பயப்பட வாணாம்.”

“நான் பயப்படல்ல. நாம இப்ப எந்த ஊருக்கு மேல இரிக்கம் மகன்?”

அவன் பதில் சொல்லவில்லை. யன்னலால் கீழே பார்த்தான். ஒரு ஊர் இருந்தது. மன்டீக்காவா மொடெஸ்டோவா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாதையில் அவன் பத்துத் தடவைக்கு மேல் பறந்தவன்.

ஆபத்து எதுவும் இருக்கவில்லை. வானம் தெளிவு, கீழே பெருந்தெரு, திசைகாட்டியும் ரேடியோவும் பழுதில்லை. மிகைப்படுத்தி எழுத எனக்கு விருப்பமில்லை. அவனது தொலைபேசியிலும் அதே செயலி இருந்தது, ஆனால் அது பின்னாலிருந்த பைக்குள், மகளின் காலடியில். கதவோரப் பையிலிருந்து ஒரு கடதாசிப் படத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கான படம், 1:500,000 அளவுத்திட்டம். நான் ஆசையோடு விரித்தேன். முகப்பிலே திகதி இருந்தது. 2020இலேயே காலாவதியானது.

மலையும் ஆறும் இரண்டு வருடத்தில் இடம் மாறிவிடாது. ஆனால் புதிய கோபுரங்கள் எழும்பும், ரேடியோ அலைவரிசைகள் மாறும், வான்பரப்பின் எல்லைகள் திருத்தப்படும். 2021இலிருந்து இப்படங்களை 56 நாட்களுக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள். செயலியில் அவை தாமாக வந்து இறங்குகின்றன. கடதாசியில் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். டெப்லட் தன் பிழையைக் கறுத்துக் காட்டிவிட்டது. கடதாசியோ தனக்கு வயதாகிவிட்டதை ஒரு மூலையில் சிறிய எழுத்தில் சொல்லிவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் புதியது போலவே நின்றது. கடதாசியின் பக்கம் பேச வந்த எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

விமானிகளின் படங்களைப் பற்றிப் பேசும்போது எல்ரி ஜெப்பசன் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. 1930களின் தொடக்கத்தில் தபால் விமானம் ஓட்டியவர். அக்காலத்து விமானிகள் தெருப் படங்களையும் புகையிரதப் பாதைகளையும் பார்த்துப் பறந்தார்கள். பலர் அதனாலேயே இறந்தார்கள். ஜெப்பசன் பத்து சதத்துக்கு ஒரு கறுப்புக் குறிப்புப் புத்தகம் வாங்கி, தண்ணீர்த் தாங்கிகளின் உயரம், இறங்குதளங்களின் நீளம், காலநிலை கேட்டறிய விவசாயிகளின் தொலைபேசி இலக்கம் என்று தனக்காக எழுதி வைத்தார். மற்றவர்களும் கேட்க, 1934இல் பத்து டொலருக்கு விற்கத் தொடங்கினார். தான் போய்ப் பார்த்து எழுதியது அவருக்கு அறிவு. அதை வாங்கியவருக்கு? நம்பிக்கை. டெப்லட் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, கடதாசியிலேயே அந்தக் கைமாற்றம் நடந்துவிட்டது.

1995 டிசம்பர் 20இல் கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானம் ஒன்று மலையில் மோதியது. 163 பேரில் 159 பேர் இறந்தனர். விமானிகளின் கையிலிருந்த கடதாசிப் படத்தில் ரோஸோ என்ற ரேடியோ நிலையத்துக்கு ‘ஆர்’ என்ற எழுத்து அடையாளம். அவசரத்தில் விமானக் கணினியில் அதே எழுத்தை இட்டார்கள். கணினியின் தரவுத்தொகுப்பிலோ அந்த எழுத்து பொகொட்டாவுக்கு அண்மையிலுள்ள ரோமியோ என்ற வேறொரு நிலையத்தைக் குறித்தது. விமானம் சொன்ன சொல் தட்டாமல் இரவில் இடப்பக்கம் திரும்பியது. அவர்கள் கண்டுகொண்டபோது மலைகளுக்கு நடுவில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மயாமியில் ஜூரிகள் பொறுப்பைப் பங்கிட்டார்கள்: விமானக் கம்பனிக்கு நூற்றுக்கு 75, ஜெப்பசன் நிறுவனத்துக்கு 17, கணினியைச் செய்த ஹனிவெல்லுக்கு 8. அந்தக் கறுப்புப் புத்தகத்தின் வழிவந்த நிறுவனந்தான்.

நட்டஈட்டை இப்படிப் பங்கிடலாம். பொறுப்பைப் பங்கிட முடியுமா? அமெரிக்க விதி, விமானத்தின் தலைமை விமானியே நேரடிப் பொறுப்பாளி என்கிறது. கண்ணால் பார்த்துப் பறக்கும் தனியார் விமானி படம் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றுகூட அது சொல்வதில்லை; பயணத்துக்குக் கிடைக்கக்கூடிய தகவல்களையெல்லாம் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. ‘அறிந்திருத்தல்’ என்ற அந்தச் சொல்லில்தான் எனது சங்கடம் முழுவதும் இருக்கிறது. ‘எனக்குத் தெரியும்’ என்பதும் ‘எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது’ என்பதும் ஒன்றா?

ஒன்றல்ல என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வைத்தியர் இரத்தப் பரிசோதனை அறிக்கையை நம்பித்தான் மருந்து எழுதுகிறார். நானும் ஒரு குன்றைக்கூட அளந்ததில்லை. நில அளவைத் திணைக்களம் கீறியதை நம்பித்தான் முப்பத்தொரு வருடம் படிப்பித்தேன். நம்பாமல் ஒருவரும் வாழ முடியாது. எனக்குப் படுவது இதுதான்: நம்பியது பிழைக்கும்போது அதைக் கண்டுகொள்ளும் நிலையில் நான் இருக்கிறேனா? நூறு நொட் வேகத்தில் பன்னிரண்டு நிமிடம் பறந்தால் இருபது கடல்மைல். அப்படியானால் இடப்பக்கம் ஓர் ஆறு தெரிய வேண்டும். தெரிகிறதா? கடதாசிப் படம் இந்தக் கணக்கைச் செய்யாதவனுக்கு எதையும் சொல்லாது. அவன் எங்கே இருக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. டெப்லட் செய்யாதவனுக்கும் சொல்லிவிடுகிறது. அது அதன் குற்றமல்ல. மின்னலோ, எதிரே வரும் விமானமோ பற்றிக் கடதாசி ஒருபோதும் சொல்லாததை அது சொல்கிறது. பின்னாசனத்தில் பிள்ளை இருக்கும்போது அதை வேண்டாமென்பவன் எனக்கு வீம்புக்காரனாகவே தெரிவான்.

ஆனால் அந்தப் பிள்ளை நித்திரை கொண்டது திரையை நம்பியல்ல, வாப்பாவை நம்பி.

அன்று குளிர்காற்றுத் துவாரத்துக்கு முன்னால் பிடித்திருந்தபோது ஐபேட் சில நிமிடங்களில் உயிர்த்தது. கீழே இருந்தது மொடெஸ்டோ. நூதனசாலையில் தேநீர் குடிக்கும்போது அவனாகவே சொன்னான்: “ஸ்டொக்டன் வரைக்கும்கூட எனக்குத் தெரியாது மாமா. அதுக்குத்தான் தெரிஞ்சிருந்திச்சு.”

திரும்பும்போது ஐபேட்டை மகளிடம் கொடுத்து, திரையைத் தனக்குக் காட்ட வேண்டாம் என்றான். காலாவதியான படம் என் மடியில். டர்லொக்கைத் தாண்டியதும் ஓர் ஆறு வந்தது. “ஸ்டனிஸ்லாஸ்” என்றேன், வகுப்பறைக் குரலில்.

“பிழை, மூத்தாப்பா!” என்று பின்னாலிருந்து சிரித்தாள் சிறுமி. அது துவாலமி ஆறு.

மருமகன் வெளியே பார்த்தபடி இருந்தான். “இன்னும் அஞ்சு நிமிசத்தில அடுத்தது வரும் மாமா. அதுதான் நீங்க சொன்ன ஆறு.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.