கைபடாத காடும் மறைந்த மனிதரும்

இயற்கையைப் பேணுதல் நன்றென்பதில் கருத்து வேறுபாடில்லை. எந்த இயற்கையை, யாருக்காக என்னும் வினாக்களிலேயே அரசியல் பிறக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

கைபடாத காட்டைக் கோயிலெனப் போற்றியவர் ஜோன் மியூர். சன்பிரான்சிஸ்கோ நகரின் நீர்த்தேவைக்காக, யொசெமிற்றித் தேசியப் பூங்காவின் ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணைகட்ட முற்பட்டபோது அவர் எதிர்த்தார். மக்களின் பயன்பாட்டை முதன்மையாகக் கொண்ட கிபர்ட் பின்சொட் அணையை ஆதரித்தார். 1913ஆம் ஆண்டுச் சட்டம் அணைக்கு வழிவிட்டது. ஆயினும் மியூரின் விழுமியம் மாய்ந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், மனிதன் வந்து நீங்குவதன்றித் தங்காத நிலத்தையே வனாந்தரம் என வரையறுத்தது.

யொசெமிற்றியிலோ மனிதர் தங்கியே வாழ்ந்திருந்தனர். அதன் புல்வெளிகள் ஆதிக்குடிகள் தீயிட்டுப் பேணியவை. அக்குடிகளை 1851இல் ஆயுதப்படையொன்று வெளியேற்றியது. ‘கைபடாத’ என்னும் அடைமொழி இவ்வரலாற்றை மறைத்தது. இவ்விழுமியம் இந்தியா போன்ற நாடுகளுக்குப் பெயர்க்கப்படும்போது காட்டை நம்பிய வறியோரே விலைகொடுப்பர் என 1989இல் இராமச்சந்திர குகா கண்டித்தார். வனாந்தரம் என்னும் கருத்தே பண்பாட்டின் படைப்பு என 1995இல் வில்லியம் குரோனன் வாதிட்டார்.

இத்தகைய கண்டனம் காடழிப்போருக்குத் துணையாகும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுதல் இயலாது. எனினும், காட்டின்மீது நாம் கொண்ட பத்தி, அங்கு வாழ்ந்தோரின் முறையீட்டைக் கேளாவண்ணம் நம் செவியை அடைக்குமாயின், அப்பத்தியைத் திருத்திக்கொள்வதே அறமாகும்.