கோழியும் விடியலை அறியும்



மேற்கு ஆப்பிரிக்காவிலே, கானா நாட்டில், அக்கான் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு: "விடிந்ததைப் பெட்டைக் கோழியும் அறியும், ஆயினும் அது சேவலின் வாயையே பார்த்திருக்கும்." மற்றொன்று: "பெண் துப்பாக்கி வாங்கினாலும் அஃது ஆணின் அறையிலேதான் சார்த்தப்படும்."

இவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். பெண்ணுக்கு அறிவில்லை என்று இவை கூறவில்லை. அறிவும் உண்டு, பொருளும் உண்டு. அறிந்ததைக் கூறவும் வாங்கியதை ஏந்தவும் உரிமைதான் இல்லை. இத்தனைக்கும் அம்மக்களிடையே குலம் தாய்வழியாகவே எண்ணப்படுகின்றது. தலைவனாகத் தக்கவனை முன்மொழிபவளும் அரசத்தாய் என்னும் பெண்ணே. குலத்திற்கு வேராய் நிற்பவளையே பழமொழி வாய்மூடச் சொல்கின்றது!

அம்மொழி பொய்த்த நாளும் வந்தது. அக்கான் மக்களுள் ஒரு பிரிவினர் அசாந்தியர். அவர்களுடைய அரசரை 1896-இல் ஆங்கிலேயர் சிறைப்பிடித்து நாடு கடத்தினர். 1900-இல் ஆங்கிலேய ஆளுநர் அவர்களுடைய புனிதப் பொன் ஆசனத்தையும் கேட்டார். தலைவர்கள் பலர் தயங்கி நின்றனர். எஜிசு என்னும் ஊரின் அரசத்தாயாகிய யா அசாந்தேவா எழுந்து பேசினார். எதிர்ப்புக்குத் தலைமையும் தாங்கினார். முடிவில் சிறைப்பட்டு, சீசெல்சுத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டு, 1921-இல் அங்கேயே மறைந்தார். போரைப் புகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. சேவல்கள் மௌனமான வேளையில் விடியலை அறிவித்தவள் ஒரு பெண் என்பதையே கூறுகின்றேன்.

பகவான் புத்தரின் காலத்திலும் இத்தகைய பழிமொழி இருந்தது. சோமா என்னும் பிக்குணி, சாவத்தி நகரையடுத்த வனத்தில், ஒரு மரத்தடியில் தியானத்தில் அமர்ந்திருந்தார். மாரன் அணுகி, 'முனிவர்க்கும் அரிய நிலையை இருவிரல் அறிவுடைய பெண் எவ்வாறு எய்துவாள்?' என்று எள்ளினான். இரு விரலால் பஞ்சைப் பற்றி நூல் நூற்பவள் என்பதே அவ்வசையின் பொருளென உரையாசிரியர் கூறுவர். அறுந்த இழையை இரு விரலால் இணைக்க எத்துணை விழிப்பு வேண்டும் என்பதைப் பஞ்சாலையில் உழைத்த நான் அறிவேன்! உள்ளம் ஒருமுகப்பட்டு ஞானம் விளையும்போது பெண்மை என்ன தடை என்று சோமா வினவினார். 'நான் பெண், நான் ஆண்' என்று பற்றி நிற்போரிடமே மாரன் பேசத்தக்கவன் என்றார். மாரன் மனம் வருந்தி மறைந்தான்.

அன்பர்களே, அக்கான் மொழியாவது கோழிக்கு அறிவுண்டென ஒப்புகின்றது. 'பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?' என்னும் நம் மொழியோ அதனையும் மறுக்கின்றது. என் மனைவியிடம் நானே இதனைப் பலமுறை கூறியுள்ளேன். அன்று என் நாவில் இருந்தவன் மாரனே அன்றோ? 1956-இல் பாபாசாகேப் நமக்குக் காட்டிய தம்மத்தில், பிறப்பினால் ஒருவரைத் தாழ்த்துதல் தகாது. சாதியால் தாழ்த்தப்பட்ட நாம், பெண்ணாய்ப் பிறந்தவளைத் தாழ்த்துவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, வரும் பௌர்ணமியன்று நம் விகாரையில் நம் சகோதரி ஒருவர் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லித் தரட்டும். ஆண்களாகிய நாம் பின்தொடர்ந்து சொல்வோம். அவர் தம்ம உரையும் நிகழ்த்தட்டும். நாம் அமர்ந்து கேட்போம். அன்று இரவே, அப்பழமொழியை நம் வீடுகளிலிருந்து வெளியேற்றுவோம்.

சாது! சாது! சாது!