வந்து போகும் உரிமை

எல்லவுக்குத் தனியே வந்து, இரண்டு நாள் தங்கி, மலையழகைக் கண்டு திரும்பும் பயணிகள் இன்று பலர். ஒன்பது வளைவுப் பாலத்தருகே நின்று, தேயிலைச் சரிவுகளினூடே புகையிரதம் வருவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். துணையின்றி நினைத்த இடத்துக்குப் போவதே சுதந்திரம் என்கிறார்கள். இதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அழகை வெறுப்பது முற்போக்கு ஆகாது. ஆனால் அச்சுதந்திரத்தின் பொருள் என்ன என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

அப்பாலம் 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. தோட்டங்களில் வழங்கிவந்த ‘துண்டு’ முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டதும் அதே ஆண்டில்தான். துண்டு என்பது துரை எழுதித் தரும் ஒரு சீட்டு. இத்தொழிலாளரின் கடனை யார் தீர்க்கிறாரோ அவரிடம் இவர்கள் போகலாம் என்பது அதன் சாரம். தமிழகத்துச் சிற்றூர்களில் முன்பணம் வாங்கிய நாளிலேயே தொடங்கிய கடன், கங்காணியின் கணக்கில் வளர்ந்துகொண்டே இருந்தது. கடல் கடந்து, காட்டுவழி நடந்து, மலையேறியவர்கள் அவர்கள். எனினும் அவர்களைப் பயணிகள் என்று எவரேனும் சொல்வாரா?

ஆகவே இடம்பெயர்வது மட்டும் பயணமன்று. போவதா, இருப்பதா என்று தானே முடிவுசெய்யும் உரிமைதான் அதைப் பயணமாக்குகிறது. துண்டு ஒழிந்த பின்னும் அவ்வுரிமை அம்மக்களுக்குக் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அப்பங்கீட்டுக்கு அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்க, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியுரிமை வந்த பின்னும் காலடி மண் சொந்தமாகவில்லை. 2014 ஒக்டோபர் 29இல், இதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்கள் மனிதரோடு புதையுண்டன.

இரண்டு நாள் விருந்தாளி இவற்றையெல்லாம் சுமக்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். லயங்களை எட்டிப் பார்த்து வருந்தும்படி நாம் சொல்லவில்லை. வறுமையையும் காட்சிப் பொருளாக்குவது முன்னதினும் கொடிது. கொழுந்து பறிப்பவளைப் படமெடுக்குமுன் அவளைக் கேட்பது நல்லதே, அதுவும் போதாது. இச்சரிவு இயற்கை வரைந்த ஓவியமல்ல, தலைமுறை தலைமுறையாய் மனிதக் கைகள் ஆக்கியது என்ற அறிவோடு பார்ப்பதே நேர்மையான பார்வை. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பாலத்தின் கதையோடு துண்டின் கதையையும் சொல்லலாமன்றோ?

தனக்குள்ள சுதந்திரம் பிறர்க்கும் உரியது என்று ஒப்பாதவன் அனுபவிப்பது சுதந்திரமன்று, சலுகையே. வீடும் காணியும் தன் பெயரில் இருக்க, கூலியை இழக்காமல், அத்தொழிலாளப் பெண் தனியே பஸ் ஏறிக் காலிக் கோட்டைக்குப் போய், மதில்மேல் நின்று ஒரு மாலைப்பொழுது கடலைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அந்நாளைக் கொணர்வதற்கான போராட்டத்தில், எல்லவின் அழகில் மகிழ்ந்த ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.