தனித்தறிதலும் கூடியறிதலும்

பதுளை, பசறை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் ஊற்றுநீர் வழியும் பாறைமீது வெறுங்கால் வைப்போர் அதன் வழுக்கலை அறிவர். கண்ணுக்குப் புலனாகா நுண்ணங்கிகள் தாம் சுரந்த பசைக்குள் ஒன்றுகூடி அமைத்த குடியிருப்பு அது. அறிவியலார் அதனை உயிர்ப்படலம் என்பர். தேயிலை வேரைச் சூழ்ந்த மண்ணிலும் இத்தகைய கூட்டுவாழ்வு உண்டு. அதனை ஆராயப் புகுவோர்முன் ஓர் அறவியல் வினா எழுகின்றது: ஒன்றை அதன் கூட்டத்தினின்று பிரித்து அறிவது, அதனை அறிந்ததாகுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரொபேட் கோக் நுண்ணங்கியைத் தனித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டினார். காசநோய்க் கிருமியை 1882இல் உலகறியச் செய்தது அம்முறையே. அதன் நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும், மண்ணில் வாழ்வனவற்றுள் மிகச் சிறுபகுதியே ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்கின்றது. வளராதவை நெடுங்காலம் இல்லாதவை போலவே கருதப்பட்டன.

பின்வந்த முறைகளும் குறையற்றவை அல்ல. படலத்துக்கு ஊதாச் சாயமூட்டி அளக்கும் முறையில் ஒட்டாதவை முதலிலேயே கழுவி அகற்றப்படுகின்றன. சாயத்தின் செறிவு அளவைக் கூறும், இனத்தைக் கூறாது. மரபணுவை வாசிக்கும் முறை வளராத இனங்களையும் இனங்காட்டும்; ஆனால் மரபணுவைப் பெறக் கலங்களை உடைக்கவேண்டும். பெயர்ப்பட்டியல் எஞ்சும், எது எதனருகே வாழ்ந்தது என்பது அழியும்.

கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் காமினி செனவிரத்னவும் அவருடன் உழைத்தோரும் வேறொரு வழி சென்றனர். பங்கசு இழைகளின்மீது பக்றீரியாக்களைப் படியச் செய்து இரண்டையும் கூட்டாகவே வளர்த்தனர். அவ்வுயிர்ப்படலம் தேயிலைக்குரிய பசளையாகவும் ஆராயப்பட்டது. தனியொன்றிடம் காணப்படாத ஆற்றல் கூட்டத்திடம் உண்டு என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

இவ்வினா ஆய்வுகூடத்தோடு முடிவதன்று. மனிதரை நுண்ணங்கியோடு ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. அறியும் முறையே ஒப்பிடப்படுகின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. கணக்குப் பொருந்திற்று, ஆனால் ஒரே லயத்தில் வளர்ந்த உடன்பிறந்தார் கடலின் இருகரைகளிலும் பிரிந்து நின்றனர். உறவு என்பதற்கு அக்கணக்கில் நிரல் இருக்கவில்லை.

பிரிக்காமல் அறிய இயலுமா என வினவலாம். முற்றாக இயலாது. எண்ணப்படாத மக்கள் உரிமை கோருவதும் அரிது. ஆகவே, பிரித்தல் குற்றமன்று. பிரித்ததை மறத்தலே குற்றம். எதைக் கண்டோம் என்பதோடு, காண்பதற்காக எதைக் கழுவி அகற்றினோம் என்பதையும் கூறுவது ஆய்வாளனின் கடன். ஆட்சியாளனுக்கு அக்கடன் இன்னும் பெரிது. அவன் கழுவி அகற்றுவது மனித வாழ்வு.