திருவுளச்சீட்டும் நீதியும்

சிறு குழு ஒன்றிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்யும்பொழுது, குறித்த ஒருவர் அகப்படுவதற்கான நிகழ்தகவைக் கணித்தல் எளிது. நால்வருள் ஒருவரெனின் ஒவ்வொருவர்க்கும் 1/4. குறித்த இருவருள் ஒருவர் அகப்படும் நிகழ்தகவு 1/2. தெரிவுசெய்யப்படுபவர் இறக்கவேண்டும் என்னும் நிலை தோன்றுமாயின் இப்பின்னங்கள் அறவியல் வினாக்களாகி விடுகின்றன.

1884ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்திலிருந்து சிட்னி நோக்கிப் புறப்பட்ட மின்யொனெற் என்னும் சிறு கப்பல், ஜூலை 5ஆம் நாள் தென் அத்திலாந்திக்கில் மூழ்கியது. தலைவர் டட்லி, ஸ்டீபன்ஸ், புறூக்ஸ், 17 வயதளவினனான கப்பற்பையன் பார்க்கர் ஆகிய நால்வரும் திறந்த படகொன்றில் உணவும் நன்னீரும் அற்று வாடினர். ஒருவரைக் கொன்று ஏனையோர் பிழைக்கலாம் என்றும், அவர் யாரெனத் திருவுளச்சீட்டால் அறியலாம் என்றும் டட்லி கூறினார். புறூக்ஸ் உடன்படவில்லை. பையனிடம் எவரும் கேட்கவுமில்லை. தமக்குக் குடும்பம் உண்டென டட்லியும் ஸ்டீபன்ஸும் பேசிக்கொண்டனர். ஈற்றில், சீட்டுப் போடப்படாமலே, கடல்நீர் பருகித் தளர்ந்து கிடந்த பார்க்கர் கொல்லப்பட்டான். நான்காம் நாள் கப்பலொன்று ஏனைய மூவரையும் மீட்டது.

ஒருவர் இறத்தல் உறுதியென்று கொண்டால், நால்வரின் பங்குகளையும் கூட்ட வருவது எப்பொழுதும் 1. ஒருவர் தம் பங்கைக் குறைத்தால் அது மறைந்துபோவதில்லை; பிறரொருவர் தலையில் ஏறுகின்றது. டட்லியும் ஸ்டீபன்ஸும் தமக்குரிய 1/2 ஐப் பூச்சியமாக்கினர். புறூக்ஸின் 1/4 உம் நீங்கியது. மூவர் பங்கும் சிறுவன்மீது குவிந்து 1 ஆயிற்று.

அவ்வாறாயின், சீட்டுப் போட்டிருந்தால் அக்கொலை நீதியாகியிருக்குமா? 1842இல் பிலடெல்பியாவில் ஹோம்ஸ் என்னும் மாலுமியின் வழக்கை விசாரித்த நீதிபதி போல்ட்வின், சமநிலையில் உள்ளோரிடையே சீட்டே தக்க முறையெனக் கருதினார். டட்லி வழக்கில் தீர்ப்பளித்த கோல்ரிஜ் பிரபுவோ, உயிர்களின் மதிப்பை எக்கோல் கொண்டு அளப்பது என வினவி, தேவை கொலைக்கு நியாயமாகாது என்றார். இருவருக்கும் விதிக்கப்பட்ட மரணதண்டனை பின்னர் ஆறுமாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

எவர் உயிரும் பிறர் உயிரினும் மலிவானதன்று என்பதைச் சமவாய்ப்பு உறுதிசெய்கின்றது. வலியோர் எளியோர்மீது கைவைப்பதை அது தடுக்கின்றது. ஆயினும், சுமையைப் பங்கிடும் முறை நேரியதாயிருத்தல் ஒன்று. அச்சுமையைச் சுமத்தும் உரிமை உண்டாதல் வேறொன்று. சீட்டு முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது. இரண்டாவதற்கு, சீட்டிற் பெயர் எழுதப்படும் ஒவ்வொருவரின் இசைவேனும் வேண்டும். ஒருவர் மறுத்தபின் எஞ்சியிருந்த நேரிய வழி, எவரையும் கொல்லாது காத்திருத்தலே. அதனை விடுத்து, மறுக்கவும் வலுவற்றவனைத் தெரிந்தமையே குற்றம்.

சிறு குழுக்களிற் பாரமானவை பகிரப்படும்பொழுது வினவ வேண்டியவை இரண்டு: ஒவ்வொருவர் பங்கும் எவ்வளவு? அப்பங்கை ஏற்பாரோ என அவரிடம் கேட்கப்பட்டதா? பார்க்கரைப் பொறுத்தவரை முதலாவதன் விடை 1. இரண்டாவதன் விடை, இல்லை என்பது.