பார்லி இல்லாத பீரும் கோதுமை இல்லாத அப்பமும்

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2011இல் தொடங்கிய ஒரு சிறிய ப்ரூவரி, பின்னாளில் கிரவுண்ட் பிரேக்கர் என்று அறியப்பட்டது, வறுத்த செஸ்ட்நட் கொட்டையும் பருப்பும் போட்டு பீர் காய்ச்சிப் பெயர் பெற்றது. சியாட்டிலின் கோஸ்ட்ஃபிஷ் சிறுதானியம், பக்வீட், பழுப்பரிசி ஆகியவற்றைக் கொண்டு காய்ச்சுகிறது. மாண்ட்ரியலின் க்ளூட்டன்பெர்க்கில் சிறுதானியத்தோடு கினோவாவும் அமராந்த் விதையும் சேர்கின்றன. எதிலும் பார்லி கிடையாது, கோதுமை கிடையாது. இப்படி ஒரு குவளையை முதன்முதலாக வாயில் வைப்பவரிடம் மற்றவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பீர் மாதிரி இருக்கிறதா? நாக்கைப் பற்றிய கேள்வியாகத்தான் இது தோன்றும். ஆனால் ஒரு பொருள் இன்னதாக இருப்பது அதன் மூலப்பொருளாலா, அது உருவாகும் விதத்தாலா என்ற பழைய தத்துவ வழக்கு இதற்குள் இருக்கிறது. அந்த வழக்கில் பீரைப் பொறுத்தவரை தானியத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது என் வாதம். சொல்ல முடியாது என்றால், பார்லி பீரின் நகலாக நினைத்து இவற்றைச் சுவைப்பதும் தவறாகிறது.

க்ளூட்டன் வேண்டாம் என்பது சிலருக்கு உணவு மோகமாக இருக்கலாம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது உயிர்வாழும் நிபந்தனை. உலக மக்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதமான க்ளூட்டன் குடலுக்குள் போனதும் அவர்களுடைய உடலின் காப்பு அமைப்பு தன் குடற்சுவரையே தாக்குகிறது. காரணம் இந்தத் தானியங்கள்தான் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, மற்றக் குழந்தைகள் மெலிய, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. போருக்கு முன்பே அவருக்கு இருந்த சந்தேகம் இதனால் வலுப்பட்டு, 1950இல் ஆய்வேடாக வந்தது. மனித இனத்தின் மிகப் பழைய பயிர் உணவுகளில் ஒன்றே சிலருக்கு நஞ்சு என்று தெரிந்த அந்த இடத்தில்தான் நம் கேள்வி பிறக்கிறது. பந்தியில் எல்லோர் முன்னாலும் இருக்கிற ஒன்று ஒருவருக்கு மட்டும் ஆகாது என்றால், அந்தப் பொருளை மாற்றலாமா? மாற்றினால் அது அதுவாகவே இருக்குமா?

ப்ரூவரிகள் இதற்கு இரண்டு வழிகள் கண்டிருக்கின்றன. முதல் வழி பார்லியைக் கைவிடாது. பீர் குளிர்ந்ததும் கலங்காமல் இருக்கவென்று கொண்டுவரப்பட்ட ஒரு நொதி, க்ளூட்டன் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும் என்று தெரியவர, அதைச் சேர்த்து 'க்ளூட்டன் குறைத்த' பீர் செய்கிறார்கள். சுவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் நறுக்கிய துண்டுகளில் எது இன்னும் தீங்கு செய்யும் என்பதைச் சோதனைகள் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் ஒரு விதி வகுத்தது: நொதித்த உணவு 'க்ளூட்டன் இல்லாதது' என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால், நொதிப்பதற்கு முன்பே அதன் மூலப்பொருள் அந்தத் தகுதியோடு இருக்க வேண்டும், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்குக்குக் கீழ். இரண்டாவது வழி தானியத்தையே மாற்றிவிடுவது. முதலாவதில் பொருள் நிலைக்கிறது, ஐயமும் நிலைக்கிறது. இரண்டாவதில் ஐயம் போகிறது, பொருளும் போகிறது.

இதே இரண்டு வழிகளையும் கத்தோலிக்கத் திருச்சபை நற்கருணை விஷயத்தில் எடைபோட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. திருப்பலியில் பயன்படும் அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். சீலியாக் நோயுள்ள விசுவாசிகளின் வேண்டுகோள்கள் குவிந்தபோது, கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலிருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் தெளிவாகவே பதிலளித்தது. க்ளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது. ரொட்டியாகச் சேர்ந்து நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் க்ளூட்டன் இருந்தால் செல்லும். 2017இல் வந்த சுற்றறிக்கையும் அதையே உறுதிசெய்தது. மிசோரி மாநிலத்துப் பெனடிக்டின் கன்னியர்கள் நீண்ட முயற்சிக்குப் பின் கோதுமை மாவிலிருந்தே 0.01 சதவீத க்ளூட்டன் மட்டும் உள்ள அப்பத்தைச் செய்தார்கள், அது ஏற்கப்பட்டது. அரிசி அப்பம் ஏற்கப்படவில்லை. அந்தச் சிறு அளவையும் தாங்காதவர் இரசத்தை மட்டும் பெறலாம். அப்போதும் அவர் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறார் என்பது திருச்சபையின் போதனை. இதை இரக்கமற்ற சட்டப்பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, நியாயமில்லை. தன் பொருளைக் கைவிடாமல் எவ்வளவு தூரம் வளைய முடியுமோ அவ்வளவு தூரம் அது வளைந்திருக்கிறது. நற்கருணை என்பது குறிப்பிட்ட ஓர் இரவில், குறிப்பிட்ட ஒருவர், தம் கையிலிருந்த அப்பத்தை எடுத்துச் செய்த செயலைத் தொடர்வது. 'இதைச் செய்யுங்கள்' என்ற கட்டளையில் 'இது' எது என்பதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று திருச்சபை கருதுகிறது. அங்கே மூலப்பொருள் கட்டளையோடு பிணைந்தது.

இஸ்லாமியச் சட்ட மரபு எதிர்த் திசையிலிருந்து இதே கேள்விக்கு வந்தது. திருக்குர்ஆன் பெயர் சொல்லித் தடுத்த மது, கறாராகப் பார்த்தால், திராட்சையிலிருந்து வருவதே என்றும், தானியத்திலும் தேனிலும் செய்தவை போதை தரும் அளவில்தான் தடைக்குள் வரும் என்றும் இமாம் அபூ ஹனீஃபா கருதினார். மற்ற மூன்று சுன்னி சட்டப் பள்ளிகளும் இதை ஏற்கவில்லை. எதிலிருந்து வந்தாலும், எவ்வளவு குறைவானாலும், போதை தரும் பானம் அதே மதுதான் என்றன. ஹனஃபி அறிஞர்களும் பிற்காலத்தில் அபூ ஹனீஃபாவின் மாணவரான முஹம்மது அஷ்ஷைபானியின் கருத்தையொட்டி அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். அந்தத் தடை அறிவை மறைக்கும் விளைவைக் குறிவைத்தது என்பதால், மூலப்பொருள் அங்கே எடை இழந்தது. இரண்டு மரபுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக நான் பார்க்கவில்லை. ஒரு பொருளைத் தீர்மானிப்பதில் மூலப்பொருளுக்கு எவ்வளவு இடம் என்பது, அந்தப் பொருள் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இரண்டுமே காட்டுகின்றன.

பீருக்கு இப்படி ஒரு நிறுவனரோ கட்டளையோ உண்டா? உண்டு என்பவர்கள் பவேரியாவைக் காட்டுவார்கள். 1516 ஏப்ரலில் இங்கோல்ஸ்டாட்டில் பிரபுக்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லூட்விக்கும் வெளியிட்ட ஆணையின்படி பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் ஆகாது. பிற்காலத்தவர் இதற்குத் 'தூய்மைச் சட்டம்' என்று பெயரிட்டு ஒரு வேத வாக்கியத்தின் தகுதியைக் கொடுத்துவிட்டார்கள். ஆணையைப் படித்தால் அதன் பெரும்பகுதி விலை நிர்ணயம். பார்லிக்கு மட்டும் அனுமதி என்பதன் நோக்கம், கோதுமையும் ரையும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பதே என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. போதாதற்கு, அதே ஆட்சிக் குடும்பம் பின்னாளில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமையைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டு கஜானாவை நிரப்பியது. இந்தச் சட்டத்தைக் காட்டி வெளிநாட்டுப் பீரை ஜெர்மனி தடுத்தது செல்லாது என்று 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானியப் பங்கீட்டுக்காகப் போட்ட ஓர் உத்தரவை, நற்கருணைக்கு மட்டுமே பொருந்தும் தர்க்கத்தால் புனிதமாக்கியதுதான் இங்கே நடந்த பிழை.

சரி, பீரை பீராக்குவது எது? சைவ சித்தாந்தம் குடத்தை வைத்து மூன்று காரணங்களைப் பிரிக்கும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். பீரின் முதற்காரணம் பார்லி என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் பார்லியில் எது பீராகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தானிய விதையும் தன் குருத்துக்கு உணவாக மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. நீர் பட்டு முளை விடும்போது, அந்த மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகளை விதையே உண்டாக்குகிறது. முளைவிட்டதும் காயவைத்து அந்த வேலையை நிறுத்துவதும், பிறகு வெந்நீரில் அதை மீண்டும் ஓடவிடுவதும், கிடைத்த இனிப்பை ஈஸ்ட்டிடம் கொடுப்பதும்தான் பீர் காய்ச்சுபவரின் தொழில். முளைக்கும் ஆற்றல் பார்லிக்கு மட்டும் கிடைத்த வரமல்ல. சோளத்துக்கும் உண்டு, கேழ்வரகுக்கும் உண்டு, நெல்லுக்கும் உண்டு. க்ளூட்டனோ விதையின் சேமிப்புப் புரதம். மதுவாக மாறுவதில் அதற்குப் பங்கே இல்லை. மண் கரிசலானாலும் செம்மண்ணானாலும் குடம் குடமாவது போல, முளைக்கும் மாவுச்சத்து எந்தத் தானியத்தில் இருந்தாலும் முதற்காரணம் அங்கே இருக்கிறது. வரலாறும் இதற்குச் சாட்சி. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் முன்னோருக்குப் படைக்கும் உம்கொம்போதி மக்காச்சோளத்திலும் சோள மால்ட்டிலும், அதாவது முளைகட்டிக் காயவைத்த சோளத்திலும், ஆனது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் இல்லக் கள்ளில் அரிசிக் கூழோடு முளைத் தானியம் சேர்கிறது. இவற்றைக் குடித்தவர்கள் பார்லிக்கு மாற்றாக எதையும் தேடியவர்கள் அல்லர்.

சுவையிலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. தர்க்கம் எப்படியிருந்தாலும் சோளப் பீரில் ஒரு புளிப்பு ஓங்கி நிற்கிறது, நுரை சீக்கிரம் அடங்குகிறது, வாயில் கனம் இல்லை என்பார்கள். இதை மறுக்க மாட்டேன். பார்லி மாவு இளகும் சூடும் அதன் நொதிகள் நன்றாக வேலை செய்யும் சூடும் ஏறக்குறைய ஒன்று. சோளமும் சிறுதானியமும் அதைவிட அதிகச் சூட்டில்தான் இளகும். அந்தச் சூட்டிலோ நொதிகள் அழிந்துவிடும். அதனால் சிலர் நொதி கரைந்த தெளிநீரை முதலில் வடித்து எடுத்துவைத்து, தானியத்தைத் தனியே வேகவைத்து ஆறவிட்டு, பிறகு இரண்டையும் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து நொதி சேர்ப்பவர்களும் உண்டு. க்ளூட்டன் இல்லாத தொடக்ககாலப் பீர்கள் பல, இந்தச் சிரமத்துக்குப் பயந்து சோளப் பாகை மட்டும் கரைத்துச் செய்யப்பட்டவை. கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது. அது அவசரத்தின் குற்றம். தானியத்தை முறையாக முளைகட்டி வறுத்தவர்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள்: பக்வீட் நுரைக்கு நிலைப்பையும் மண்வாசம் கலந்த கொட்டைச் சுவையையும் தருகிறது, சிறுதானிய மால்ட் லேசான இனிப்போடு நிற்கிறது, கருக வறுத்த செஸ்ட்நட்டில் காப்பியை ஒத்த கசப்பு இறங்குகிறது. பார்லியோடு ஒப்பிட்டுக்கொண்டே குடிப்பவருக்கு இவை எல்லாம் விலகல்களாக மட்டுமே தெரியும். இல்லாததைத் தேடும் நாக்கு இருப்பதைக் கவனிப்பதில்லை.

இப்படித் திறந்துவிட்டால் எல்லையே இருக்காதே, முளைக்கவிடாத கொட்டையும் பருப்பும் எப்படி பீராகும், அரிசியில் வரும் சாக்கேயையும் பீர் என்பீர்களா என்று கேட்கலாம். எல்லைக்கோடு மங்கலானதுதான். சாக்கேயில் மாவை உடைப்பது பூஞ்சை; அதற்கென்று தனி மரபும் பெயரும் இருக்கின்றன, அவற்றைப் பறிக்க வேண்டிய தேவை இல்லை. கொட்டையும் பாகும் மட்டுமே உள்ள பானத்தை நானும் ஓரத்தில்தான் வைப்பேன். ஓரம் மங்கலாக இருப்பதால் நடு இல்லாமல் போய்விடாது. முளைகட்டிய பனிவரகில் ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சியது அந்த நடுவில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டமே இங்கே இரண்டு நாக்கோடு பேசுவதைக் கவனிக்க வேண்டும். 2008இல் வந்த ஒரு விளக்கத்தின்படி, பார்லி மால்ட் இல்லாத சோளப் பீர் வரி வசூலுக்கு 'பீர்'. லேபிள் சட்டத்தில் அது 'மால்ட் பானம்' அல்ல. வரி கேட்பவர்களுக்கு இல்லாத தயக்கம் பெயர் கொடுப்பவர்களுக்கு ஏன் வர வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சீலியாக் நோயாளிகளிடமிருந்தே வரும் ஆட்சேபத்துக்குத்தான் நான் அதிகம் தலைவணங்குகிறேன். முப்பது வயதில் நோய் தெரிந்த ஒருவர், புதிய சுவை எனக்கு வேண்டாம், நண்பர்களோடு குடித்த அந்தப் பழைய சுவைதான் வேண்டும் என்றால், அவருக்குத் தத்துவம் சொல்வது யாருக்கும் அழகல்ல. அவர் இழந்தது உண்மையான இழப்பு. பார்லியைப் போலவே செய்ய முயலும் ப்ரூவரிகள் அவருக்காக இருக்கட்டும். ஆனால் அவருடைய ஏக்கம் அவருக்குரியது. அதை எல்லோருக்குமான அளவுகோலாக்கிவிட்டால், சிறுவயதிலேயே நோய் தெரிந்து பார்லியின் சுவையே அறியாமல் வளர்ந்தவருக்கு அவருடைய முதல் குவளையையே ஒரு குறைபாடாகக் கொடுத்தவர்கள் ஆவோம். உலக பீர் கோப்பை உள்ளிட்ட பெரிய போட்டிகளில் 'க்ளூட்டன் இல்லாத பீர்' என்று ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். 2012இல் அந்தக் கோப்பையின் இந்தப் பிரிவில் மூன்று பதக்கங்களையும் க்ளூட்டன்பெர்க்கே வென்றது. இத்தகைய பீர்கள் கவனம் பெறாத காலத்தில் அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டிருக்கும். இப்போது, என்ன தானியம், க்ளூட்டன் எவ்வளவு என்பதைப் பாதுகாப்புக்காக லேபிளில் பெரிதாகவே எழுதிவிட்டு, நடுவர் மேசையில் கறுத்த செஸ்ட்நட் பீரை மற்ற கறுத்த பீர்களின் வரிசையிலும், சிறுதானியப் பீரை மற்ற வெளிர் பீர்களின் வரிசையிலும் வைக்க வேண்டும். தோற்றால் அங்கே தோற்கட்டும்.